புல் வெட்டும் இயந்திரம்: கம்பம் பள்ளத்தாக்கின் தோப்புகளுக்கும் புல்தரைகளுக்கும் ஏற்ற தேர்வு

புல் வெட்டும் இயந்திரம் என்பது புல், களை, சிறு புதர் ஆகியவற்றைச் சுழலும் தகடு அல்லது நைலான் நரம்பு கொண்டு வெட்டும் விசைக் கருவியாகும். பெட்ரோல், மின்சாரம், மின்கலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் இது இயங்கும். மேலை நாடுகளில் வீட்டு முற்றத்துப் புல்தரையைச் சீராக வைப்பதற்காகவே இது பெரும்பாலும் வாங்கப்படுகிறது. தேனி மாவட்டத்தில் நிலைமை வேறு. இங்கே தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், மாந்தோப்பு, ஏலத் தோட்டம், நெல் வயலின் வரப்பு ஆகிய இடங்களில்தான் இதற்கு வேலை அதிகம். ஆகவே நீடித்து உழைக்கும், கொடுத்த பணத்துக்குத் தகுந்த இயந்திரம் எது என்ற கேள்விக்கு விடை, வெட்ட வேண்டிய இடத்தையும் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் வெட்டப் போகிறோம் என்பதையும் பொறுத்தே அமைகிறது.

வகைகளும் பெயர்களும்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "புல் வெட்டுற மிஷின்" என்றே சொல்கிறார்கள். கடையில் கேட்கும்போது பின்வரும் பிரிவுகளை அறிந்திருப்பது நல்லது.

உருளை வகை: சுருள் போல வளைந்த கத்திகள் பொருத்திய உருளை, அடியில் உள்ள நிலைத்த கத்தியோடு உரசிக் கத்தரிக்கோல் போலப் புல்லை வெட்டும். விளையாட்டு மைதானம் போன்ற சமதரைக்கு ஏற்றது. கல் அகப்பட்டால் கத்தி கெட்டுவிடும். உயர்ந்து வளர்ந்த புல்லை இது வெட்டாது.

சுழல் வகை: சக்கரங்கள் உள்ள கூட்டின் அடியில் ஒரே தகடு கிடையாகச் சுழன்று புல்லை வெட்டும். இதுவே லான் மோவர் என்று பரவலாக அறியப்படுவது. பள்ளி, கல்லூரி, பூங்கா, விடுதி ஆகியவற்றின் புல்தரைக்கு இது பொருந்தும்.

பிரஷ் கட்டர்: நீண்ட குழாயின் ஒரு முனையில் எஞ்சினும் மறுமுனையில் தகடோ நைலான் நரம்போ உள்ள கருவி. தோளில் மாட்டுவது, முதுகில் சுமப்பது என்று இரண்டு அமைப்புகள் உண்டு. அரசு மானியப் பட்டியல்களில் இது புதர் அகற்றும் கருவி என்ற பெயரில் வருவதுண்டு.

பவர் வீடர்: இது புல்லை வெட்டுவதில்லை, மண்ணைக் கிளறிக் களையை வேரோடு புரட்டுகிறது. புல் வெட்டும் இயந்திரத்தோடு சேர்த்துப் பேசப்பட்டாலும் வேலை வேறு.

சுருக்கமான வரலாறு

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகருக்கு அருகே வாழ்ந்த எட்வின் பியர்டு பட்டிங் என்பவர் 1830இல் முதல் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் எழும் பிசிறுகளைச் சீராக வெட்ட நெசவாலைகளில் இருந்த உருளைக் கத்தியே அவருக்கு முன்மாதிரி. நைலான் நரம்பால் வெட்டும் முறை 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. இன்று தேனி மாவட்டத் தோப்புகளில் ஒலிக்கும் பிரஷ் கட்டர்களில் இந்த நரம்பு முறை பரவலாகப் பயன்படுகிறது.

நிலமும் களையும்

1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து லோயர் கேம்ப் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கை அடைகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பகுதிகளில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி இந்த நீரை நம்பியுள்ளது. இதனோடு கிணற்றுப் பாசனத்தில் தென்னை, வாழை, திராட்சை பயிராகின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியகுளம் வட்டாரத்தில் மாந்தோப்புகள் அதிகம். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறி ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடம் வேலைக்குச் செல்வோர் இம்மாவட்டத்தில் பலர் உள்ளனர்.

பாசன நீர் இருக்கும் இடத்தில் களையும் ஓயாது வளரும். கோரை, அருகு, சாரணை, நாயுருவி, பார்த்தீனியம் ஆகியவை தோப்புகளில் வழக்கமாகக் காணப்படுபவை. மலையடிவாரத்தில் உண்ணிச்செடி புதராக மண்டும். இவற்றை அகற்ற நான்கு வழிகள் உள்ளன: களைக்கொத்தி, மண்வெட்டி, அரிவாள் கொண்டு ஆட்கள் எடுப்பது; உழுது புரட்டுவது; களைக்கொல்லி தெளிப்பது; இயந்திரத்தால் வெட்டுவது.

ஆள் கிடைப்பது நடவு, அறுவடைக் காலங்களில் கடினமாகிறது. களைக்கொல்லிக்கும் கட்டுப்பாடுகள் வந்துள்ளன. கிளைபோசேட் களைக்கொல்லியைக் கேரள அரசு 2019இல் தடை செய்தது. அங்கீகாரம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. இந்தச் சூழலில் வெட்டும் இயந்திரத்தின் தேவை கூடியுள்ளது.

இயந்திரத்தால் வெட்டுவதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. வேர் மண்ணிலேயே இருப்பதால் சரிவான நிலத்தில் மண் அரிப்பு குறைகிறது. வெட்டிய புல் மூடாக்காகக் கிடந்து ஈரத்தைக் காக்கிறது. ஆனால் கோரைக்குக் கிழங்கும் அருகுக்கு மண்ணடித் தண்டும் இருப்பதால், வெட்டிய சில நாட்களிலேயே மீண்டும் துளிர்த்துவிடும். ஆகவே இயந்திரம் களையை ஒழிக்கும் என்று எதிர்பார்த்து வாங்குவது தவறு. களை பூத்து விதை உதிர்க்கும் முன்பே மீண்டும் மீண்டும் வெட்டி அதைக் கட்டுக்குள் வைக்கவே இது உதவும்.

எந்த இடத்துக்கு எது

புல்தரை: பள்ளி, கல்லூரி, தங்கும் விடுதி, பூங்கா போன்ற இடங்களில் அருகு அல்லது கொரியன் புல் வளர்க்கப்படுகிறது. சமதரையானால் சுழல் வகை லான் மோவர் போதும். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது பொது விதி. மிகத் தாழ்வாக வெட்டினால் வெயிலில் புல் கருகும். எனவே வெட்டும் உயரத்தைப் பல நிலைகளில் மாற்றும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஐந்து சென்ட் அளவுள்ள சிறு புல்தரைக்கு மின்சாரத்தில் இயங்குவதே சிக்கனம். அதற்குரிய இணைப்பில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி இருப்பது கட்டாயம். ஈரப் புல்லில் அதை ஓட்டக் கூடாது.

தென்னந்தோப்பு, மாந்தோப்பு: மரங்களுக்கு இடையே அகலமான இடம் இருப்பதால் பிரஷ் கட்டர் எளிதாகச் சுழலும். மட்டை, பன்னாடை, தேங்காய் ஓடு ஆகியவற்றை முன்கூட்டியே அகற்ற வேண்டும். பெரிய தோப்புகளில் டிராக்டரில் இணைக்கும் வெட்டும் கருவி ஒரே நாளில் வேலையை முடிக்கும். இரண்டு மூன்று ஏக்கர் உள்ளவருக்குச் சொந்தமாக அது தேவையில்லை.

திராட்சைப் பந்தல்: பந்தல் கற்களும் சொட்டுநீர்க் குழாய்களும் நெருக்கமாக இருக்கும். இங்கே உலோகத் தகடு ஆபத்து. நைலான் நரம்பே ஏற்றது. ஆனால் நரம்பும் இளங்கொடியின் பட்டையை உரித்துவிடும். தண்டைச் சுற்றிப் பட்டை முழுவதும் உரிந்தால் கொடி பட்டுப்போகும். எனவே ஒவ்வொரு கொடியின் அடியிலும் சுமார் ஓர் அடி சுற்றளவைக் கையால் களையெடுத்து, இடைப்பட்ட பகுதியை மட்டும் இயந்திரத்தால் வெட்டுவது நல்லது. சொட்டுநீர்க் குழாயை வெட்டும் முன் சுருட்டித் தூக்கிக் கட்டிவிட வேண்டும்.

ஏலத் தோட்டம்: ஏலச் செடியின் பூச்சரங்கள் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படர்கின்றன. காய் பிடிப்பதும் அந்தச் சரங்களில்தான். செடிக்கு அருகே இயந்திரம் சென்றால் விளைச்சலே வெட்டுப்படும். வேர்களும் மேலாக இருப்பதால் கொத்துவதும் தீங்கு. ஆகவே தூரைச் சுற்றிக் கையால் எடுத்து, வரிசைகளுக்கு நடுவே மட்டும் பிரஷ் கட்டரைப் பயன்படுத்துகிறார்கள். சரிவில் நின்று வேலை செய்ய முதுகில் சுமக்கும் வகை சிலருக்கு வசதி. ஆனால் வழுக்கி விழும்போது உடனே கழற்றி எறிய முடியும்படி வார் இருக்க வேண்டும்.

வரப்பு: நீர் நிற்கும் வயலின் வரப்பில் நைலான் நரம்பு போதும். தண்டு முற்றிய களைக்கு இரண்டு அல்லது மூன்று பல் தகடு வேண்டும். உண்ணிச்செடி போன்ற மரத்தன்மையுள்ள புதருக்கு நெருங்கிய பற்கள் கொண்ட வட்டத் தகடு பயன்படும்.

எஞ்சின்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா

பிரஷ் கட்டர் வாங்குவோர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு இது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கலவையே உள் உறுப்புகளுக்கு மசகாகிறது. எடை குறைவு, விலை குறைவு, உடனே வேகம் பிடிக்கும், பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் புகையும் இரைச்சலும் அதிகம். எரியாத பெட்ரோல் ஒரு பகுதி வெளியேறிவிடுவதால் எரிபொருள் செலவு கூடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் தனியாக இருக்கும். பெட்ரோலை அப்படியே ஊற்றலாம். எரிபொருள் மிச்சமாகும், புகை குறைவு. விலையும் எடையும் சற்றுக் கூடுதல். குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றாவிட்டால் எஞ்சின் கெடும். ஹோண்டா நிறுவனத்தின் ஜி.எக்ஸ் 35 இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 35.8 சி.சி. அளவுள்ள அதற்குச் சுமார் 100 மி.லி. எண்ணெய் போதும். முதல் 10 மணி நேரம் ஓடியதும் ஒருமுறையும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் அதை மாற்ற வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் கலவை விகிதமே உயிர்நாடி. 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய்; 25:1 என்றால் 40 மி.லி. தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தையும் எண்ணெய் வகையையும் மாற்றக் கூடாது. குத்துமதிப்பாக மூடியால் அளந்து ஊற்றுவதும், எண்ணெய் கலந்ததா இல்லையா என்று தெரியாத கேனிலிருந்து நிரப்புவதும் பிஸ்டன் இறுகிப்போகக் காரணமாகின்றன. பல பேர் கை மாறி ஓட்டும் தோட்டத்தில் கலவைத் தவறு நேர வாய்ப்பு அதிகம் என்பதால், அங்கே ஃபோர் ஸ்ட்ரோக் பாதுகாப்பான தேர்வு. ஒரே ஆள் பொறுப்பாகக் கையாளும் இடத்தில் நல்ல டூ ஸ்ட்ரோக்கும் பல ஆண்டு உழைக்கும்.

மின்கலத்தில் இயங்குபவை புகை இல்லாதவை, இரைச்சலும் குறைந்தவை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 2024 முதல் தயாராகும் சிறிய பெட்ரோல் எஞ்சின் தோட்டக் கருவிகளுக்குப் புகையில்லா விதியைக் கொண்டுவந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு இவ்வகை நன்று. நாள் முழுவதும் தோப்பில் வேலை செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட மின்கலங்கள் தேவைப்படுவதால் செலவு ஏறுகிறது. வாங்கும்போது மாற்று மின்கலத்தின் விலையைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

நீடித்து உழைக்கும் இயந்திரத்தின் அடையாளங்கள்

சி.சி. எண்ணும் குதிரைத்திறனும் விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும். ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு உறுப்புகள்.

கிராங்க் தண்டு: இருபுறமும் பேரிங்கில் தாங்கப்பட்ட கிராங்க் தண்டு நீண்ட நாள் உழைக்கும். மலிவான சிறு எஞ்சின்கள் சிலவற்றில் ஒருபுறம் மட்டுமே தாங்கல் இருக்கும். அவை அவ்வப்போதைய வேலைக்கு மட்டும் பொருந்தும்.

சிலிண்டர்: அலுமினிய சிலிண்டரின் உட்சுவரில் குரோமியம் அல்லது நிக்கல் கலவைப் பூச்சு இருந்தால் தேய்மானம் குறைவு.

குழாயும் உள்தண்டும்: எஞ்சினிலிருந்து தகடு வரை விசையைக் கடத்தும் தண்டு முழு எஃகாக இருப்பது நல்லது. வளையும் கம்பி வடம் இலேசான வேலைக்கே போதும். வெளிக் குழாய் தடித்ததாக இருந்தால் தகடு கல்லில் பட்டாலும் வளையாது.

கியர் தலை: தகட்டைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி இது. கிரீஸ் போடுவதற்கான திருகு வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். இது சூடேறிப் பழுதாவது வழக்கமான குறைகளில் ஒன்று.

கிளட்ச்: எஞ்சின் மெதுவாக ஓடும்போது தகடு நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுழன்றால் கிளட்ச் சுருள் பழுது அல்லது கார்புரேட்டர் சரியாக அமைக்கப்படவில்லை என்று பொருள். கடையிலேயே ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஏர் ஃபில்டர்: தென்மேற்குப் பருவக் காற்று கணவாய் வழியே இம்மாவட்டத்தில் வேகமாக வீசும். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம். அந்த மாதங்களில் புழுதியும் அதிகம். கருவியின்றி விரலாலேயே திறந்து சுத்தம் செய்யக்கூடிய வடிகட்டி இங்கே பெரிய வசதி.

லான் மோவரில் பார்க்க வேண்டியவை சற்று வேறு. தகட்டைச் சூழ்ந்த கூடு தடித்த எஃகாக அல்லது அலுமினியமாக இருக்க வேண்டும். எஃகுக் கூட்டின் அடியில் ஈரப் புல் ஒட்டித் துருப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் சுரண்டிக் கழுவ வேண்டும். சக்கரங்களுக்குப் பால் பேரிங் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தகடு நேரடியாகக் கிராங்க் தண்டில் பொருத்தப்பட்டிருந்தால், கல்லிலோ மரவேரிலோ மோதியதும் தண்டே வளையக்கூடும்.

பெட்டியில் உள்ள முத்திரை ஒன்றும் பயனுள்ள தகவலைத் தருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிப்படி கையில் பிடித்து இயக்கும் சிறு எஞ்சின்கள், 50 மணி, 125 மணி, 300 மணி என்ற மூன்று காலங்களில் ஒன்று வரை புகை அளவைக் காக்க வேண்டும். இறக்குமதியாகும் சில எஞ்சின்களின் முத்திரையில் இந்த மணிக்கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். இது எஞ்சினின் மொத்த ஆயுள் அல்ல. ஆனால் 50 மணி என்று குறித்த எஞ்சினும் 300 மணி என்று குறித்த எஞ்சினும் ஒரே தரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது இதிலிருந்து புரியும்.

விலைக் கணக்கு

விலை குறைந்ததா கூடியதா என்பதைவிட, ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு செலவு என்று பார்ப்பதே சரியான அளவுகோல். வாங்கிய விலையையும் ஆயுட்காலப் பழுதுச் செலவையும் கூட்டி, மொத்தம் ஓடும் மணி நேரத்தால் வகுக்க வேண்டும்.

கணக்கைப் புரிந்துகொள்ள இரண்டு இயந்திரங்களை வைத்துக்கொள்ளலாம். இவை எடுத்துக்காட்டு எண்களே. முதலாவது 9,000 ரூபாய். 300 மணி நேரம் உழைக்கிறது. பழுதுக்கு 3,000 ரூபாய். மணிக்கு 40 ரூபாய் ஆகிறது. இரண்டாவது 27,000 ரூபாய். 1,200 மணி நேரம் உழைக்கிறது. பழுதுக்கு 9,000 ரூபாய். மணிக்கு 30 ரூபாய்தான். இதைப் பார்த்தால் விலை கூடியதே இலாபம் எனத் தோன்றும்.

ஆனால் ஆண்டுக்கு 60 மணி நேரம் மட்டுமே ஓட்டும் சிறு விவசாயியிடம் இரண்டாவது இயந்திரம் 1,200 மணியை எட்ட 20 ஆண்டு ஆகும். அதற்குள் ரப்பர்க் குழாயும் பிளாஸ்டிக் பாகமும் இற்றுப்போகும்; உதிரிப் பாகமும் சந்தையில் இல்லாமல் போகலாம். பத்து ஆண்டில் 600 மணி ஓடி, பழுதுக்கு 4,500 ரூபாய் ஆனது என்று வைத்தால், மணிக்கு 52.50 ரூபாய் ஆகிவிடுகிறது. அவருக்கு முதலாவதே சிக்கனம். வாடகைக்கு ஆளோடு இயந்திரம் கிடைத்தால் அது அதைவிடச் சிக்கனமாகவும் இருக்கலாம். மாறாக, ஆண்டுக்கு 600 மணி நேரம் ஒப்பந்த வேலையாக ஓட்டுபவர் முதலாவதை வாங்கினால் ஆறு மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டியிருக்கும். பழுதாகி நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலியும் போகும்.

எரிபொருளும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். ஒரு இயந்திரம் மணிக்கு 200 மி.லி. பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தால், லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில் மணிக்கு 20 ரூபாய் அதிகம். மேலே கண்ட இரு இயந்திரங்களின் விலை வேறுபாட்டால் வரும் 10 ரூபாயைவிட இது பெரியது. அதிகம் ஓட்டுபவருக்கு எரிபொருள் சிக்கனமே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

மானியம், வாடகை, சோதனை அறிக்கை

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் செயல்படுகிறது. இதன்கீழ்ப் பொதுப் பிரிவு விவசாயிகளுக்கு 40 விழுக்காடும், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 விழுக்காடும் மானியம் தரப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்புத் தொகை உண்டு. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதை நடைமுறைப்படுத்துகிறது. உழவன் செயலி வழியாகவும் உட்கோட்ட உதவிச் செயற்பொறியாளர் அலுவலகம் வழியாகவும் விவரம் அறியலாம். ஆதார், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு, குறு விவசாயி என்பதற்கான சான்றிதழ் ஆகியவற்றை முன்பே எடுத்து வைப்பது நல்லது. அனுமதி கிடைக்கும் முன்பே கடையில் வாங்கிவிட்டால் மானியம் கிடைக்காமல் போகலாம்.

மானியத்துக்கான கருவிகள் அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் ஆந்திரத்தின் கார்லதின்னெயிலும் உள்ள மத்திய அரசுப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையங்கள் இப்பணியைச் செய்கின்றன. சோதனை அறிக்கையில் எஞ்சின் திறன், எரிபொருள் செலவு, அதிர்வு, இரைச்சல் போன்ற அளவுகள் இருக்கும். விற்பவர் சொல்லும் சொல்லைவிட இந்த அறிக்கை நம்பத்தக்கது. ஒரே விலையில் இரண்டு இயந்திரங்கள் இருந்தால், அறிக்கைகளைக் கேட்டு வாங்கி ஒப்பிடலாம்.

காமாட்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ஆகியவை இம்மாவட்ட விவசாயிகள் சாகுபடி ஆலோசனை பெறக்கூடிய இடங்கள்.

பராமரிப்பு

நல்ல இயந்திரமும் பராமரிப்பு இல்லாவிட்டால் ஓரிரு பருவத்தில் ஓய்ந்துவிடும். பின்வரும் பழக்கங்கள் ஆயுளைக் கூட்டும்.

- நாள்தோறும் வேலை முடிந்ததும் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சு வடிகட்டியானால் சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்தி மாட்ட வேண்டும்.
- சுமார் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கியர் தலையில் கிரீஸ் இட வேண்டும்.
- ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ. வரை வைத்து, கரியைத் துடைக்க வேண்டும்.
- எஞ்சின் குளிர்விக்கும் இறகுகளுக்கு இடையே அடைத்த புல்தூளை அகற்ற வேண்டும். இல்லையேல் எஞ்சின் சூடேறும்.
- நைலான் நரம்பைத் தயாரிப்பாளர் சொன்ன தடிமனிலேயே வாங்க வேண்டும். 2.4 மி.மீ. நரம்புக்கான தலையில் 3 மி.மீ. நரம்பு போட்டால் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் சுமை கூடும்.
- பாதுகாப்பு மூடியில் உள்ள நரம்பு வெட்டும் சிறு கத்தியைக் கழற்றிவிட்டு நரம்பை நீளமாக விட்டு ஓட்டுவதும் அதே கேட்டைத் தரும்.

பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கப்படுகிறது. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலே பரவலாகக் கிடைக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீண்ட நாள் டாங்கில் கிடந்தால் நீர் அடியில் பிரிந்து தங்கி, கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர்ச் சவ்வையும் குழாய்களையும் கெடுக்கும். பருவம் முடிந்து இயந்திரத்தை எடுத்து வைக்கும் முன் பெட்ரோலை முழுவதும் வடித்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட வேண்டும். புதிதாக வாங்கும்போது இ20க்கு ஏற்றதா என்று கேட்பது அவசியம்.

பாதுகாப்பு

பிரஷ் கட்டரின் தகடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது. அதில் படும் சிறு கல் தெறித்து ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது. எனவே தயாரிப்பாளர்கள் ஓட்டுபவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது என்று எச்சரிக்கின்றனர். கம்பி வலையோ பிளாஸ்டிக்கோ கொண்ட முகக்காப்பு, கண்ணாடி, முழங்கால் வரை காலுறை, கட்டைவிரல் மூடிய காலணி, காதடைப்பு ஆகியவை இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. கைலியோடும் வெறுங்காலோடும் ஓட்டுவது தோட்டங்களில் இன்னும் காணப்படும் ஆபத்தான பழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு தீங்குகளும் உண்டு. ஒன்று இரைச்சல். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தால் செவித்திறன் குறையும்; பெட்ரோல் பிரஷ் கட்டர்கள் இந்த அளவைத் தாண்டுபவை. மற்றொன்று அதிர்வு. பல ஆண்டுகள் அதிர்வில் வேலை செய்தவரின் விரல்கள் மரத்து, வெளுத்துப்போகும். ஐரோப்பிய விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கைக்கு வரும் அதிர்வு விநாடிக்கு விநாடி 2.5 மீட்டரைத் தாண்டினால் தடுப்பு நடவடிக்கை தேவை. 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கைப்பிடிக்கும் குழாய்க்கும் இடையே ரப்பர்த் தாங்கல் உள்ளதா என்று பார்ப்பதும், ஒரே ஆளை நாள் முழுவதும் ஓட்டவிடாமல் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்வதும் இதற்கான எளிய தடுப்புகள். கையில் பிடித்து இயக்கும் பிரஷ் கட்டர்களின் பாதுகாப்புக்கென ஐ.எஸ்.ஓ. 11806 என்ற பன்னாட்டுத் தரம் உள்ளது. முதலாளி வாங்கும் மலிவான இயந்திரத்தின் விலையில் மிச்சமாகும் தொகையை, அதை நாள்தோறும் சுமக்கும் தொழிலாளி தன் காதாலும் கையாலும் கொடுக்க நேரிடலாம். ஆகவே அதிர்வும் இரைச்சலும் தரத்தின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? நூறு மணிக்குக் கீழே என்றால் வாடகையா, சொந்தமா என்று முதலில் கணக்கிட வேண்டும்.
2. வெட்ட வேண்டியது புல்தரையா, தோப்புக் களையா, புதரா?
3. தேனி, கம்பம், போடி போன்ற அருகிலுள்ள ஊரில் பழுது பார்ப்பவர் உள்ளாரா? கார்புரேட்டர், கிளட்ச், கியர் தலை, ஸ்டார்ட்டர் கயிறு ஆகிய நான்கும் அங்கே கையிருப்பில் உள்ளனவா?
4. உத்தரவாதம் எத்தனை மாதம்? வணிகப் பயன்பாட்டுக்கும் அது பொருந்துமா, வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமா?
5. சோதனை அறிக்கை கிடைக்குமா?
6. எடை எவ்வளவு? பெட்ரோல் நிரப்பிய நிலையில் தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நடந்து பார்க்க முடியுமா?
7. முகக்காப்பும் பாதுகாப்பு மூடியும் விலையில் அடங்குமா?
8. பவர் வீடர் போன்ற இணைப்பைப் பொருத்தினால் உத்தரவாதம் நீடிக்குமா? வெட்டுவதற்காகச் செய்த எஞ்சினைக் கொண்டு மண்ணைக் கிளறினால் கிளட்சும் கியர் தலையும் விரைவில் தேயும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுப்பது எளிது. பழுது பார்க்க ஆளில்லாத புகழ்பெற்ற இயந்திரத்தைவிட, உதிரிப் பாகம் அன்றே கிடைக்கும் நடுத்தர இயந்திரம் விவசாயிக்கு அதிக நாள் உழைக்கும்.